பின்கண்ணாடியில் ஒரு வசவு

"யோவ் லெஸ், இன்னுமா அந்த வண்டியக் கழுவல?" வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஐரிஸ் கேட்டாள்.

"இப்ப அதுதான் கொறச்சல்! புயல் மழை வருதாம். வண்டிக் கொட்டகை வேற ஒழுகுது."

லெஸ், போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகத்தில் இரும்புத்தாதுக் குவியல்கள்மேல் தண்ணீர் தெளிக்கும் லாரி ஓட்டுகிறவன். ஊர்ப் புழுதியை அடக்கச் சம்பளம் வாங்குகிறவன், சொந்த வண்டியை மூன்று மாதமாகத் துடைக்கவில்லை. பின்கண்ணாடிச் செம்புழுதியில் விரலால் எழுதியிருந்தது: 'கழுவித் தொலை, சோம்பேறி!'

அவன் மனைவி பெரிலின் வழக்கமான வசவு. அவள் செத்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் புழுதி கொட்டுகிற ஊரில் அந்த எழுத்து மட்டும் மங்கவில்லை. அவள் பிடிவாதம் அப்படி என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மழையில் அது போய்விடக் கூடாது. லெஸ் தொழில்மூளையைத் தட்டிவிட்டான். காய்ந்த தூள் பறக்கும். துளி ஈரம் பட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் ஓடிவிடும். பெரில் துணி தேய்க்க வைத்திருந்த தெளிப்பானை எடுத்து, ஒரே ஒருமுறை அழுத்தினான்.

'தொலை' சிவப்பாக வழிந்தது.

"என்னய்யா பண்ற?"

"ஒட்டவைக்கிறேன்!"

"பதினெட்டு வருசமா இதத்தான செய்ற?"

"மலைக்குத்தான் செஞ்சேன். கண்ணாடிக்குச் செஞ்சதில்ல!"

பதறிப்போய், பெரிலின் தலை உலர்த்தும் கருவியால் சூடு காட்டினான். சேறு காய்ந்து வெடித்து, 'கழுவி' செதில் செதிலாக உதிர்ந்தது. 'சோம்பேறி'யாவது மிஞ்சட்டும் என்று அதன்மேல் பிளாஸ்டிக் தாளை அழுத்தி ஒட்டினான். கடற்காற்றின் புழுக்கத்தில் தாளுக்குள் வேர்த்தது. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். புழுதி நன்றாகவே ஒட்டியிருந்தது, தாளோடு.

துடைத்துவிட்டதுபோல் இருந்த கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. லெஸ் தரையில் உட்கார்ந்து தேம்பி அழுதான்.

"அவ எழுதுன கடைசி எழுத்து, ஐரிஸ். அதையும் நானே தொலச்சிட்டேன்."

ஐரிஸ் வேலியைச் சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. மழையின் முதல் துளி விழுந்தது.

"அவ எழுத்த முத வாரமே புழுதி மூடிருச்சுய்யா. 'அந்தச் சோம்பேறி கழுவுற வரைக்கும் விடாத'ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனா பாரு, அதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ தூங்குறப்பல்லாம் வந்து எழுதிட்டுப் போனேன்."