மச்சானுக்குக் குடுத்த அஞ்சு யார்ட்

போன ஞாயித்துக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க தோட்டத்து மைதானத்துல அமெரிக்கன் புட்போல் பைனலுக்கு ரெப்ரியா நிக்கணும்.

ஆமாங்க, கஹவத்தைக்குப் பக்கத்துல, ரப்பர் தோட்டத்துல, அமெரிக்கன் புட்போல்! எங்க இளைஞர் கழகத்துக்கு யாரோ வெளிநாட்டுலருந்து அந்த முட்டைப் பந்தை அனுப்பிட்டாங்க. சட்டம் தெரிஞ்ச ஆளைத் தேடுனாங்க. பஸ்ல போறப்ப போன்ல ரெண்டு வீடியோ பார்த்த நான் கையைத் தூக்கிட்டேன்.

தோட்டத்துக் கீழ் டிவிஷனுக்கும் மேல் டிவிஷனுக்கும்தான் போட்டி. கீழ் டிவிஷன் கேப்டன் என் மச்சான், பொண்டாட்டியோட அண்ணன். மூணு வருஷமா எந்த விளையாட்டுலயும் அவருக்குக் கப் கிடைக்கல. "இந்தத் தடவ எங்கண்ணன் ஜெயிக்கணும்"னு காலையிலயே வீட்டுல உத்தரவு!

ஆட்டம் ஆரம்பிச்சுது. பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே மேல் டிவிஷன்காரன் ஒருத்தன் பாஞ்சுட்டான். மச்சான் ஆளுங்களால ஒரு அடி நகர முடியல. நான் தப்புன்னு காட்டுற மஞ்சத் துணிய வீசிட்டு, நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போனேன்.

"மச்சான், தப்பு அவங்களோடது. இப்ப நடந்ததை அழிச்சிட்டு, அஞ்சு யார்ட் முன்னாடி வச்சுத் திரும்ப ஆடலாம். வேணுமா, விட்டுடவா?"

மச்சான் நெளிஞ்சாரு. "பரவால்ல மாப்ள, இருக்கட்டும்."

விட்டுட்டேன்.

"என்னா மாப்ள, குடுக்கவே இல்ல?"

"நீங்கதானே வேணாம்னீங்க!"

"மொத வாட்டியே வேணும்னு எவனாச்சும் சொல்வானா? ரெண்டு மூணு தடவ கேக்கமாட்டீங்களா? என்னா மனுசன் நீங்க!"

கீழ் டிவிஷன் சனம் மொத்தமும் என்னைய ஏசுது. மேல் டிவிஷன் கேப்டன் மட்டும், "ஹரி ஹரி, ஆடுவோம்"னு சிங்களத்துல சரி போட்டுச் சிரிக்கிறான்.

மேட்ச் முடிய ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. மேல் டிவிஷன் ரெண்டு பாயிண்ட் முன்னால. மச்சானே பந்தைத் தூக்கிட்டு ஓடி, கோட்டைத் தாண்டிட்டாரு! டச்டவுன்! ஆறு பாயிண்ட்! என் பொண்டாட்டி துள்ளுறா!

ஆனா தரையில என் மஞ்சத் துணி கிடக்கு. அதே ஆளு, அதே தப்பு. சட்டப்படி மச்சான்கிட்ட கேக்கணும். அவரு வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா டச்டவுன் நிக்கும், கப் அவருக்கு.

"மச்சான், தப்பு அவங்க..."

"வேணும்! வேணும்! வேணும்!"

"நல்லா யோசிங்க மச்சான், வாங்குனா டச்டவுன்..."

"எனக்குக் குடுக்குறதுன்னா மட்டும் ஒங்களுக்கு வலிக்குதா?"

கண்ணால கெஞ்சிப் பார்த்தேன். மனுசன் மசியல. டச்டவுனை அழிச்சேன். அஞ்சு யார்ட் முன்னாடி வச்சுத் திரும்ப ஆடுனாங்க. பந்து மச்சான் கையிலருந்து நழுவிருச்சு. கப்பு மேல் டிவிஷனுக்குப் போயிருச்சு.

சாயந்தரம் மச்சான் வீட்டுக்குப் போனோம். மத்த எல்லாருக்கும் டீ வந்துச்சு.

எனக்கு வேணுமான்னு ஒரு தடவகூட யாரும் கேக்கல.