பந்து செத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறுவதில்லை என்று சனிக்கிழமையே முடிவெடுத்தேன். ஞாயிறு காலை எட்டரைக்கு ஏணியில் நின்றேன்.

பள்ளி பேஸ்பால் ஆட்டங்களுக்கு நான் அம்பயர். அதற்கான பரீட்சைக்கு ஒரு மாதம் விதிப்புத்தகத்தை வைத்து என்னைக் கேள்வி கேட்டவள் மனைவி கிருஷ்ணவேணி. நான் தேறினேன். புத்தகம் மனப்பாடமானது அவளுக்கு.

என் நண்பன் ஆரியசாலை ஜெயகுமாரும் அவன் மனைவி லிபியும் ஒன்பதுக்குக் கல்லாற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். காரில் ஓர் இடம் காலி. பரணைத் துடைத்தால்தான் அந்த இடம் எனக்கு என்று வேணி சொல்லிவிட்டாள். பரணில் பத்து வருடத் தூசி.

எட்டு ஐம்பதுக்கு, இருப்பதிலேயே லேசான பழைய முறத்தை, எங்க ஊர்ச் சொளகை, விளிம்புக்கு நகர்த்திவிட்டு இறங்கினேன். ஏணியைக் காலால் தட்டினேன். சொளகு தோளில் விழுந்தது.

"ஐயோ!"

வேணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவாக்கும்?"

"டெட் பால். எறிஞ்ச பந்து மேல பட்டா ஆட்டம் அங்கேயே நிக்கும். அடிபட்டவன் ஓடாமலே அடுத்த கட்டத்துக்குப் போலாம், ஒரு பேஸ் சும்மா."

"எது பேஸ்?"

"ஜெயகுமார் கார்."

"சரி. அடிபட்டவன் ஒதுங்கப் பாத்தானா?"

நான் தோளைத் தடவினேன்.

"ஒதுங்காம தோளக் காட்டிக் குடுத்தா பேஸ் கெடையாதுல்லா? எத்தனாம் பக்கம்னு சொல்லட்டா?"

"வேண்டாம்."

"பின்னே? பந்து செத்தாச்சு. அம்பயர் 'பிளே' சொல்லுதது வரைக்கும் அவனவன் பழைய எடத்துல நிக்கணும். ஏறுங்க."

"ஏளா, அப்பம் வேலையும் நிக்கணும்லா?"

"நிக்கட்டுமே."

பாதி ஜெயித்தேன் என்று நினைத்து ஏணியில் ஏறி நின்றேன். வாசலில் ஹார்ன். "சேச்சி, வருந்நோ?" அக்கா வருகிறாளா என்று மலையாளத்தில் கேட்டாள் லிபி.

வேணி துண்டையும் மாற்றுச் சேலையையும் பையில் வைத்தாள்.

"ஏளா, நீ எங்க போற? பந்து செத்தா யாரும் நகரப்பிடாது!"

"ஓடுதவன்தான் நகரப்பிடாது. நான் அம்பயராக்கும்."

கார் போனது.

பகல் இரண்டுக்குப் போனில் ஒரு படம் வந்தது. கல்லாற்றில் கழுத்துவரை வேணி. அடியில் ஒரே சொல்: 'பிளே'.

வாளியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.