துப்பிய மாத்திரையும் அடுத்தவர் டப்பாவும்

“பட்.”

கண்ணைத் திறக்காமலே தெரிந்துகொண்டேன். அட்டையிலிருந்து மாத்திரை பிதுங்கும் ஓசை. ராத்திரி வேலைக்காரனுக்குச் சாயங்காலம்தான் விடியல். எனக்கு விடிவது இப்படி.

“வாயைத் திறங்க” என்றாள் மனைவி.

பசியை அடக்க டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. முட்டி இரண்டும் என்னைச் சுமக்க மறுத்து வேலைநிறுத்தம் செய்ததால் வந்த வினை. “பசி குறைஞ்சா எடை குறையும்” என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். விடுதியின் சலவைக் கூடத்தில், யார் யாரோ புரண்டு கசக்கிய படுக்கை விரிப்புகளுக்கு விடிய விடிய இஸ்திரி போடுகிறவன் நான். அந்த நேரத்தில் என்னோடு விழித்திருக்கும் ஒரே உறவு பசிதான். அதையும் விரட்டிவிட்டால் எனக்கு யார் துணை?

ஆகவே சபதம் செய்தேன். உயிரே போனாலும் பசியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்!

மாத்திரை கன்னத்தில் ஒதுங்கும். தண்ணீர் மட்டும் உள்ளே போகும். முகம் கழுவும் சாக்கில் மாத்திரை சாக்கடைக்குப் போகும். அந்தச் சாக்கடைக்கு இந்நேரம் பசியே எடுக்காது.

பிறகு நடிப்பு. தட்டில் பாதியை ஒதுக்கினேன்.

“என்னங்க, வச்சது வச்சபடி இருக்கு?”

“இறங்க மாட்டேங்குதுடி. சோத்தைப் பார்த்தா சுண்ணாம்பு மாதிரி இருக்கு.”

“அப்போ மாத்திரை நல்லா வேலை செய்யுது!”

“செய்யாம? டாக்டர்னா டாக்டர்!”

வயிறு உள்ளே ஒப்பாரி வைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

நல்லவேளை, கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இஸ்திரிக்காரத் தம்பி வந்து காப்பாற்றினான். வாயைத் திறக்க மாட்டான், டப்பாவை மட்டும் திறப்பான்.

“அண்ணே, எனக்கு இவ்வளவு ஆகாது. எடுத்துக்கோங்க.”

எடுத்துக்கொண்டேன், முழுவதையும். காய், கீரை, பயறு. எண்ணெய் பேருக்குத்தான். வீட்டில் இதை வைத்திருந்தால், ‘நான் என்ன மாடா?’ என்று குதித்திருப்பேன். இங்கே டப்பாவை வழித்து நக்கினேன்.

“உன் வீட்டுக்காரம்மா கையில என்னமோ இருக்குய்யா! என் வீட்லயும் ஒருத்தி இருக்காளே. அவ கரண்டியை எடுத்தா அடுப்புக்கே வாந்தி வரும்!”

தம்பி குனிந்துகொண்டு சிரித்தான். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன்.

நாளாக ஆக முட்டி சமாதானத்துக்கு வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. எடை பார்த்த டாக்டர், என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்து “சபாஷ்!” என்றார். ஏன் என்று யோசித்தேனா? இல்லை.

வீட்டுக்கு வந்து, கொடியில் காய்ந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தேன். ஊர்த்துணி மடிக்கிறவனுக்கு வீட்டில் மட்டும் விடுமுறையா கிடைக்கும்? வெற்றிக் களிப்பில் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாத்தியா, மாத்திரையோட மகிமையை!”

“எந்த மாத்திரை?”

“தினமும் நீதானேடி வாயில போடுற!”

“அதுவா? அது சத்து மாத்திரைங்க. மொத நாள் நீங்க துப்பினது தொட்டிச் சல்லடையில சிக்கிக் கிடந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டினேன். ‘முழுங்காதவருக்கு எதுக்கு? நிறுத்திட்டு சாப்பாட்டை மாத்துங்க’ன்னாரு.”

கையிலிருந்த துண்டு நழுவியது.

“நீ எதையும் மாத்தலையே?”

“வீட்ல மாத்தினா தொடுவீங்களா? அடுத்தவன் டப்பான்னாத்தானே உங்களுக்கு இனிக்கும்! உங்க சலவைக்கூடச் சட்டையோட ஒரு தம்பி மருந்துக்கடையில நின்னுச்சு. பேசினேன். நீங்க குறட்டை விடுற நேரமாப் பார்த்து வந்து டப்பாவை வாங்கிட்டுப் போகும்.”

“அப்போ... அவன் வீட்டுக்காரம்மா?”

“அதுக்கு எங்க கல்யாணம் ஆச்சு? இப்பத்தான் பொண்ணு தேடுறாங்க.”

அவனிடம் நான் அளந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

“எல்லாம் சொல்லுச்சு” என்றாள், நான் கேட்காமலே.

“பசி போயிடுமோன்னு பயந்துட்டேன்டி. ராத்திரியில அது ஒண்ணுதான் எனக்குத் துணை.”



“இப்பவும் பசிக்குதா?”

“பயங்கரமா.”

“நல்லது. பசி உங்களோடதாவே இருக்கட்டும். டப்பா என்னோடது.”

நழுவிய துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்தேன்.