நூல்கண்டு சார் கட்டிய சுவர்

எங்கள் விருத்தாசலம் ஜங்ஷனில் எத்தனை ரயில் வந்து நின்றாலும், நூல்கண்டு சாரைப் போல இன்னொரு மனிதர் இறங்கப்போவதில்லை.

காலேஜில் கணக்கு வாத்தியார். என் வீட்டு மாடியில் குடியிருந்தார். வந்த வாரமே சுவர் முழுக்க ஆணி அடித்தார். நான் மணி கோக்கும் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் கழித்துப்போட்ட வெள்ளை மணிகளைக் கேட்டு வாங்கி, ஆணிக்கு ஒன்றாக மாட்டினார். மணிக்கு மணி வெள்ளை நூல் கட்டினார்.

“சிலந்திக்கு உள்வாடகை வுட்டிருக்கீங்களா சார்?” என்றேன்.

“இல்லீங்கம்மா. ஒவ்வொரு மணியும் ஒரு புரொபசர். ரெண்டு பேரு சேந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தா நடுவுல ஒரு நூலு. யாரு போனா கூட்டம் ரெண்டாப் பிரியும்னு இதுல தெரிஞ்சிடும்.”

சொல்லிவிட்டு ஒரு மணியைக் கழற்றிக் காட்டினார். அதில் கட்டியிருந்த நூலெல்லாம் தொங்கிப்போய், சுவர் இரண்டு துண்டாக நின்றது. திரும்பக் கட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது.

அந்தக் கிறுக்கு சுவரோடு நிற்கவில்லை. யார் யாரோடு டீ குடிக்கிறார்கள் என்று டீக்கடை பெஞ்சில் சாக்பீஸால் கோடு போட்டார். எழுந்து போனவர்கள் வேட்டியிலெல்லாம் ஆராய்ச்சி ஒட்டிக்கொண்டு போனது. என் வீட்டையும் விடவில்லை.

“ரெண்டு மருமவளுக்கும் நடுவுல நீங்கதாம்மா பாலம். நீங்க நவுந்தா பேச்சே இருக்காது.”

“அதுக்குத்தான் சார் நான் எங்கயும் போறதில்ல” என்றேன். பெருமையாகத்தான் இருந்தது.

மூலையில் ஒரு மணி மட்டும் நூலே இல்லாமல் தொங்கியது. யாரென்று கேட்டேன்.

“நாந்தாம்மா.”

தனியாக எழுதி அனுப்பியதெல்லாம் திரும்பி வந்துவிட்டதாம். பெரிய ஆள் யாராவது சேர்ந்து எழுதினால் கரையேறலாம். இந்த வருஷமும் நடக்காவிட்டால் ஆராய்ச்சியையே விட்டுவிடுவதாக இருந்தார்.

“நடுவுல இத்தன நூலோட இருக்காரே, அவருக்குப் போன் போடுங்களேன்.”

“திருச்சி புரொபசருங்க அவரு. வயசானவரு. என்னை யாருன்னு அவருக்குத் தெரியும்?”

மறுநாள் சார் காலேஜுக்குப் போனதும் அறையைப் பெருக்கப் போனேன். கம்பெனியில் கோக்காமல் விட்ட மணியைப் பார்த்தால் கோத்துவிட்டுத்தான் நகர்வேன். கை கேட்குமா? அந்தத் தனி மணியை நேரே பெரியவர் மணியோடு முடிந்துவிட்டேன். வெள்ளை நூல் தீர்ந்திருந்தது. ஆடிப்பெருக்குக்கு வாங்கிய மஞ்சள் கயிறு மிச்சம் இருந்தது.

சாயங்காலமானால் சுவரைப் படம் பிடித்து, எந்த மணி யாரென்று எழுதி, இன்டர்நெட்டில் போடுவது சாரின் பழக்கம். அன்றைக்குக் கண்ணாடி போடாமல் எடுத்தாரோ என்னவோ, அப்படியே போட்டுவிட்டார்.

இரண்டு நாளில் போன் வந்தது. ஸ்பீக்கரில் பெரியவர் குரல்: “ஏம்ப்பா, இந்த வயசுல என் கழுத்துல மஞ்சக் கயிறு கட்டினது யாரு?”

சார் எழுந்து நின்றுவிட்டார். “வூட்டுக்காரம்மா தெரியாம கட்டிட்டாங்கய்யா...”

“தெரிஞ்சேதான் கட்டினேன்!” என்றேன் நான். “பாவம், தனியாக் கெடக்குறாருங்க. ஒண்ணே ஒண்ணு சேந்து எழுதுங்களேன்.”

பெரியவர் சிரித்து முடிக்கவே நேரமானது. “கட்டியாச்சு, இனிமே என்ன பண்றது? எழுதினதை அனுப்புப்பா.”

இரண்டு பேர் பேரிலும் கட்டுரை அச்சில் வந்தது. சார் இப்போது திருச்சியில், பெரியவரோடு வேலை பார்க்கிறார். போன் போட்டால் முதல் கேள்வியே, “பாலம் எப்படி இருக்குது?”

பாலத்துக்கு லீவு. நாளைக்கு வேப்பூர் போய்த் திருச்சி பஸ் பிடிக்கிறேன். மருமகள்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளட்டும். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும். தனியாகச் சாப்பிடுகிற பிள்ளை.