முப்பத்தேழு பக்க உண்மை

பதினோராவது கேள்வியிலேயே ஞாயிற்றுக்கிழமை முழுதும் போய்விட்டது.

"இதுவரை எப்போதாவது சுயநினைவு இழந்ததுண்டா?" என்று கேட்டிருந்தது காப்பீட்டு விண்ணப்பம். உண்டு, இல்லை என்று இரண்டே கட்டங்கள். ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிற சமாசாரம். தராசு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

"ஏங்க, எட்டாங்கிளாஸ்ல பிரேயர்ல மயங்கி விழுந்ததை எல்லாமா எழுதுவாங்க?" என்றாள் மனைவி.

"எழுதணும். நாளைக்கு நான் செத்தா, அந்த ஹெட்மாஸ்டர்கிட்டயே போய் விசாரிப்பாங்க."

"அவர் செத்து இருபது வருஷமாச்சு."

"அப்ப அவர் எதனால செத்தாருன்னு விசாரிப்பாங்க."

தராசு என்பது ஆபீசில் வைத்த பட்டப்பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் பரிசீலனைப் பிரிவு. வருகிற விண்ணப்பங்களை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்கிற உத்தியோகம். அதற்கு முன்னால் பத்து வருஷம் இழப்பீட்டுப் பிரிவு. செத்தவர் உயிரோடு இருந்தபோது எதை எழுதாமல் விட்டார் என்று தோண்டி எடுத்து, பணம் கிடையாது என்று அவர் சம்சாரத்துக்குக் கடிதம் போடுகிற புண்ணிய காரியம். பழைய இருமல் ஒன்றை மறைத்ததற்காக ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்தது அவர் கையெழுத்தில்தான். பாம்பின் கால் பாம்பறியும் அல்லவா? தன் விண்ணப்பத்தில் ஒரு தும்மலைக்கூட விடக் கூடாது என்று தீர்மானித்துவிட்டார்.

வாங்கப்போவது முதல் வீடு. பதினான்கு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. பேங்க் கடன் தரச் சம்மதித்திருந்தது; அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் காப்பீட்டுத் தாள் வந்தால் போதும். வராவிட்டால் வீட்டுக்காரர் ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்துவிடுவார். அந்தப் பல் டாக்டர் கடன் கேட்கிற ஜாதி இல்லை. மனைவியோ சமையலறை ஜன்னலை அளந்து, திரைச்சீலையே தைத்து முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை பேங்கில் கடன் பிரிவு அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கடன் குறையக் குறைய காப்பீடும் குறையும் சார். நீங்க இல்லாம போயிட்டா மீதியை அது அடைச்சிடும். ஒரே பக்கம். எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க."

"நான் போகாம, கை கால் விளங்காம கிடந்தா?"

"அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கு."

"வேலை போயிட்டா?"

"அதுக்கும் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகாம, இவ போயிட்டா?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம்," என்றாள்.

நான்கையும் எடுப்பதென்று முடிவு. நான்குக்கும் தனித்தனி இணைப்பு. எல்லாவற்றிலும் மறுபடி அதே மயக்கம். போதாததற்கு மனைவியின் குடும்பச் சரித்திரம் வேறு.

"உங்க அம்மாவுக்குக் கோபம் வருமில்ல? ரத்தக்கொதிப்புன்னு போட்டுக்கறேன்."

"எங்கம்மாவுக்கு உங்களைப் பாத்தா மட்டும்தான் கோபம் வரும். அதையும் போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டார்.

மயக்கத்தை அப்படியே விட்டால் நன்றாயிருக்காதே என்று டாக்டரிடம் ஒரு சான்றிதழ் கேட்டார். டாக்டர் "காரணம் தெரியவில்லை" என்று எழுதிக் கொடுத்தார். காரணம் தெரியாத மயக்கம் இன்னும் மோசம். தலையை ஸ்கேன் எடுத்தார். "எதுவும் காணப்படவில்லை" என்று வந்தது.

"ஏன் எதுவும் காணப்படலை? இதைப் படிச்சா எவனுக்கும் சந்தேகம் வரும்," என்று இன்னொரு டாக்டரிடம் ஓடினார். அவர் மூன்று பக்கம் எழுதினார். கல்லூரியில் அவர் பிடித்த அரை சிகரெட்டை மனைவி நினைவுபடுத்தினாள், கிண்டலுக்குத்தான். அதற்கும் ஒரு பக்கம் ஆயிற்று. ஆகமொத்தம் முப்பத்தேழு பக்கம், ஒரு வாரம்.

ஊழியர்களுக்குச் சலுகை உண்டு, மூன்று நாளில் பதிலும் வந்துவிடும் என்று சொந்த நிறுவனத்திலேயே கொடுத்தார்.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம். வேண்டியவன், வேண்டாதவன் என்று பார்க்கக் கூடாதாம். அட்டெண்டர் பெரியவர் பெயர்களின் மேலெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டி, அட்டையில் எண் மட்டும் போட்டு, மேசை மேசையாகக் கொண்டுபோய் வைப்பார். பெயரை வாய் திறந்து சொன்னால் அவர் வேலை போய்விடும்.

தராசுக்குப் பெயரே தேவையில்லை. ஃபைலைப் பிரித்தால்தானே! உள்ளங்கையில் வைத்து ஒரு தூக்கு. லேசாக இருந்தால் ஏற்பு. கனத்தால், "இவ்வளவு சொல்றவன் இன்னும் எதையோ மறைக்கிறான்" என்று தள்ளுபடி முத்திரை. ஒரு நாளைக்கு எண்பது ஃபைல். இதற்காக அவருக்குக் கேடயமெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவரும் அவரேதான்.

அந்த மூன்று பேர் கையில்தானே இப்போது தன் முப்பத்தேழு பக்கமும்!

செவ்வாய்க்கிழமை மூன்று பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வருஷ சர்வீஸில் முதல் டீ.

"இனிமே யாரும் எடை பாக்காதீங்கப்பா. பிரிச்சுப் படிங்க. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளயும் ஒரு குடும்பம் இருக்கு," என்றார்.

"சார், உடம்புக்கு ஏதாவது...?" என்றாள் ஜன்னலோர மேசைப் பெண்.

புதன்கிழமையும் டீ. கண் முழுக்க அந்த மூன்று மேசைகளின் மேல்தான். யார் பிரிக்கிறார்கள், யார் தூக்கிப் பார்க்கிறார்கள் என்று நோட்டம் விட்டபடியே தன் மேசையில் டொக்கு டொக்கென்று முத்திரையை இறக்கிக்கொண்டிருந்தார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

"இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க சார், பாவம்," என்று அட்டெண்டர் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார்.

"பெரியவரே, நீங்க எந்த ஃபைலுக்குத்தான் பாவம்னு சொல்லலை? போங்க, போய் அந்த ஜன்னலோர மேடத்துக்கு இன்னொரு டீ சொல்லுங்க."

வியாழக்கிழமை மாலை பதில் வந்தது. "ஏற்க இயலாது. ஆறு மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்." தள்ளியது யார் என்று போடுகிற வழக்கம் அங்கே கிடையாது.

தராசு ஆடித் தீர்த்துவிட்டார். "டீயைக் குடிச்சிட்டு இப்படிப் பண்ணலாமா? நான் சொல்லிக்கொடுத்த வித்தையை எனக்கே காட்டுறீங்களா?"

"சத்தியமா நான் இல்லை சார்," என்றாள் ஜன்னலோரப் பெண். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மற்ற இரண்டு பேரும் அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மேலதிகாரி அழைத்து, சக ஊழியர்களை மிரட்டியதாக எழுத்தில் விளக்கம் கேட்டார்.

வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வீட்டை வாங்கிவிட்டார்.

மனைவி அழவில்லை. திரைச்சீலையை விரித்து, வாடகை வீட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். ஒரு முழம் அதிகம். திரும்ப மடித்து வைத்தாள்.

"நாலு பொய் எழுதியிருந்தா இந்நேரம் சாவி கையில இருந்திருக்கும்," என்றாள்.

"எவனோ ஒரு பாவி, பிரிக்காமலே தள்ளியிருக்கான். விளங்குவானா அவன்?"

"அவனுக்கு ஜென்மத்துக்கும் சொந்த வீடு வாய்க்கக் கூடாது. அவன் பொண்டாட்டியும் என்னை மாதிரியே திரைச்சீலையை மடிச்சு வைக்கணும்."

"வைப்பா, பாத்துக்கிட்டே இரு," என்றார் தராசு, மனசார.

திங்கட்கிழமை ஆபீசில் யாரும் முகம் கொடுக்கவில்லை. அவர் நேராக ஃபைல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அட்டெண்டர் கறுப்புத்தாளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, பேரை மறைக்கிறது நீங்க. என் ஃபைல் எந்த மேசைக்குப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். வேலை போகாம நான் பாத்துக்கறேன். மூணு பேர்ல யாரு? அதை மட்டும் சொல்லுங்க."

பெரியவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அவங்க மூணு பேரும் நீங்க சொன்ன நாள்லேர்ந்து எல்லாத்தையும் பிரிச்சுப் படிக்கிறாங்க சார், போன வாரம் ஒண்ணைக்கூடத் தள்ளலை. உங்களுது ஆச்சேன்னு, நல்லது பண்றதா நினைச்சு, நான்தான் அதை உங்க மேசையிலேயே கொண்டாந்து வச்சேன்."