மாமனாருக்குக் கொண்டுபோன வாள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவன், பிறகு ஊர் முழுக்க வெட்கப்பட வேண்டி வரும். எனக்கு இந்த ஞானம் பிறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், ஓர் ஆளுயர வாளால்.

அப்போது ரஞ்சிதத்தைப் பெண் கேட்டிருந்தோம். அவளுடைய அப்பா மட்டக்களப்பு நகரத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். இங்கிலீஷ் தெரியாத மருமகன் வேண்டாம் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நான் இங்கிலீஷில்தான் கனவே காண்பவன் என்று தரகர் அளந்துவிட்டிருந்தார். (கண்டிருப்பேன், எனக்கு விளங்கியிருக்காது.) எனக்கோ ரஞ்சிதத்தைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் சந்திப்பில் வாத்தியார் சொன்னார்: "ஓல்ட் சோ சேர்க்கிறதெண்டா எனக்கு உயிர். அடுத்தமுறை உங்கட ஊர் சோ ஒண்டு கொண்டு வாரும். பழசெண்டா இன்னும் நல்லது."

இங்கிலீஷில் 'சோ' (saw) என்றால் மரம் அரியும் வாள். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருந்தது. "ஓம் ஐயா, எங்கட வீட்டிலயே கிடக்கு" என்றேன் பெருமையாக.

அடுத்த ஞாயிறு, இரண்டு பேர் இழுக்கும் சித்தப்பாவின் வாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு செட்டிபாளையத்தில் பஸ் ஏறினேன்.

"ஆரைத் தம்பி வெட்டப் போறாய்?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. கல்லடிப் பாலம் தாண்டும்வரை வாளின் பல் பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியைக் கடித்துக்கொண்டே வந்தது.

வாத்தியார் வீட்டு விறாந்தையில் சாக்கை அவிழ்த்தேன். அவர் கதிரையோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"இதென்ன?"

"நீங்க கேட்ட ஓல்ட் சோ, ஐயா. எங்கட சித்தப்பாட. துருவெல்லாம் அசல்."

உள்ளேயிருந்து வெடித்த சிரிப்போடு ரஞ்சிதம் கதவடிக்கு வந்தாள். "சோ எண்டா பழமொழி எண்டும் அர்த்தம் இருக்கு. சொல்லுறதுக்கு இங்கிலீஷில 'சே' (say) எண்டுறமே, அதுக்கு இது சொந்தம். வாள் எண்ட சோவுக்கு வேர் வேற, வெட்டுறதில இருந்து வந்தது. அப்பா கேட்டது பழமொழி!"

அவ்வளவு விளக்கத்திலும் எனக்கு 'சொந்தம்' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அது கைநழுவிப் போகிறதே என்று வாளைத் திரும்பச் சாக்கில் சுற்றத் தொடங்கினேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "சரி, இப்பவாவது ஒரு பழமொழி சொல்லும், பாப்பம்."

தெரிந்த பழமொழியெல்லாம் ஓடி ஒளிந்துவிட்டன. மிஞ்சிய ஒன்று தானாக வாயில் வந்தது: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தை முடி."

(வாய் என்னுடையதுதான். வேறு யாரைக் குறை சொல்ல?)

"இதுவரைக்கும் எத்தினை சொல்லியாச்சு?" என்றார் வாத்தியார்.

"ஒண்டுதான் ஐயா. எனக்கு இங்கிலீஷ் தெரியும் எண்டது."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "மிச்சத்தை இவளிட்டச் சொல்லாதையும். உங்கட வீட்டில கலியாணத்துக்கு நாள் பாக்கச் சொல்லும்."

பந்தல் மரமெல்லாம் அந்த வாளால்தான் அரிந்தோம். இன்றும் அது எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் பழமொழி சொல்ல வாயைத் திறந்தால் போதும், ரஞ்சிதம் பேரப்பிள்ளைகளை எச்சரிப்பாள்: "தள்ளி நில்லுங்க மக்காள், தாத்தா வாளை எடுக்கிறார்!"