பேசி முடிக்கும் தெய்வசிகாமணி

சமாதானப் பிரியர் என்றொரு இனம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கே தகராறு என்றாலும் அழைக்காமலே வருவார், அடித்தவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அடிபட்டவனுக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்வார். மரக்காணம் உப்பளக்காரர் தெய்வசிகாமணி இந்த இனத்தில் முதல் தரம்.

உப்பளத்துக்குப் போகும் வழியில் நடராசனின் டீக்கடை. எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ். காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் பேப்பர் கப். ஒருநாள் உப்பு வாரும் தையல்நாயகி, "எனக்கும் கிளாஸ்ல குடுங்க" என்றாள். நடராசன் சாதிப் பேரைச் சொல்லித் திட்டி, டீயை அவள் காலடியில் கொட்டினான். அவள் அழவில்லை. திண்டிவனத்துக்கு பஸ் ஏறி, செந்தமிழ் என்ற வக்கீலைப் பார்த்தாள். வன்கொடுமைச் சட்டத்தில் வழக்குப் பதிவானது.

தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்குமா? ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தையல்நாயகி வீட்டுக்கே போய்விட்டார். அங்கே செந்தமிழும் இருந்தாள். டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு ஏழு பேர் இருந்தும் சாட்சிக்கு ஒருவர்கூட வரவில்லையே என்று இருவரும் தவித்துக்கொண்டிருந்த நேரம்.

"ஏம்மா, தாயா புள்ளையா பழகுற ஊரு. கேசு கோர்ட்டுன்னு போனா நல்லாவா இருக்குது? பேசி முடிச்சிக்கலாம்."

"எங்களுக்கு மட்டும் ஏங்க பேப்பர் கப்பு?" என்றாள் தையல்நாயகி.

"அது சுத்தம்மா!"

"அப்ப நீங்க ஏங்க கிளாஸ்ல குடிக்கிறீங்க?"

தெய்வசிகாமணியின் வாய் நின்று பழக்கமில்லாதது, மேலே ஓடியது.

"பத்து வருசமா நானும் பார்த்துக்கிட்டுதாம்மா இருக்கேன். உங்களுக்குக் கப்பு, எங்களுக்கு கிளாசு. யாராச்சும் சண்டை போட்டாங்களா? அன்னிக்கும் நான் பெஞ்சுலதான் இருந்தேன். அவன் அப்படித் திட்டுனது தப்பு, இல்லேங்கல..."

செந்தமிழ் நிமிர்ந்தாள். "அன்னிக்கி அங்க இருந்தீங்களா சார்? முழுப் பேரு சொல்லுங்க."

சம்மன் வந்தது. தெய்வசிகாமணிக்குத் திடீரென்று ரத்தக் கொதிப்பு வந்தது, ஞாபக மறதி வந்தது, கோட்டக்குப்பத்தில் அவசர வேலையும் வந்தது. எதுவும் எடுபடவில்லை. விழுப்புரம் கோர்ட்டில் கூண்டேறினார். இந்தப் பக்கம் நடராசன் முறைத்தான். அந்தப் பக்கம் தையல்நாயகி, வேலையை விட்டுவிட்டு நாலாவது முறையாக வந்தவள், கண்ணிமைக்காமல் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சிரிக்க முடியாத இடத்தில் அவர் நிற்பது அதுதான் முதல் தடவை.

"பார்த்தீங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"பார்த்தேங்க." யாருக்கும் கேட்கவில்லை. நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னதும் மறுபடி சொன்னார்: "பார்த்தேங்கய்யா. திட்டுனான். கால்ல கொட்டுனான். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

நடராசனுக்குத் தண்டனை கிடைத்தது. அவன் வீட்டார் இன்றுவரை தெய்வசிகாமணியோடு பேசுவதில்லை. ஆச்சரியம், அவருக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறது.

நீங்கள் அந்த இனமில்லை என்கிறீர்களா? சந்தோஷம். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் டம்ளரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?